ஓட்டை இருந்தும் மருந்து ஏன் நுழைவதில்லை?

கேட்டவர் எழுதியதன் சாரம் இது. கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் போரின் என்ற புரத ஓட்டைகள் இருக்கின்றன, ஆன்டிபயாட்டிக் அவற்றின் வழியாகத்தான் உள்ளே போகிறது என்று படித்திருக்கிறார். அப்படியானால் ஓட்டையைவிடச் சின்னதாக இருக்கும் எல்லா மருந்தும் நுழைந்துவிட வேண்டாமா? பாக்டீரியா அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டால் எந்த மருந்துமே பலிக்காதா? பார்க்க இரண்டு கேள்வி. அடியில் இருப்பது ஒரே எண்ணம்தான்: போரின் என்றால் கதவு, திறந்திருந்தால் மருந்து உள்ளே, மூடியிருந்தால் வெளியே. பாடப்புத்தகப் படங்களும் அப்படித்தான் வரைகின்றன. போரின்களைச் செயற்கைச் சவ்வில் பொருத்தி, அவற்றின் வழியாக ஓடும் மின்னோட்டத்தை அளப்பதுதான் பல வருடங்களாக என் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், இங்கே கேட்க வேண்டியது திறந்திருக்கிறதா என்பதைவிட எவ்வளவு வேகத்தில் என்பது. நான் மருத்துவர் இல்லை. யாருக்கு எந்த மருந்து கொடுக்கலாம் என்ற முடிவுக்கு இந்தப் பதிலை ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் சுவரைப் பார்த்துவிடுவோம். 1884-இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் வெளியிட்ட சாயச் சோதனையில் ஊதா நிறத்தைத் தக்கவைக்காதவைதான் கிராம்-நெகட்டிவ். ஈ.கோலை, கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ், அசினெட்டோபாக்டர் எல்லாம் இந்தக் கூட்டத்தில் வரும். இவற்றுக்கு இரண்டு சவ்வு. உட்சவ்வு சாதாரணக் கொழுப்புச் சவ்வு. வெளிச்சவ்வு வேறு ரகம். அதன் உள்பக்க அடுக்கு மட்டும்தான் வழக்கமான பாஸ்போலிப்பிடு. வெளிப்பக்கம் முழுக்க லிப்போபாலிசாக்கரைடு, அதாவது சர்க்கரைச் சங்கிலி முளைத்த கொழுப்பு. இந்த மூலக்கூறுகளில் எதிர்மின்னூட்டம் நிறைய இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விலக வேண்டும். அப்படி விலகாமல் மக்னீசியம், கால்சியம் அயனிகள் இடையிடையே உட்கார்ந்து அவற்றை இறுக்கிக் கட்டி வைத்திருக்கின்றன. இதனால் எண்ணெய்த்தன்மையுள்ள மருந்து மற்ற சவ்வுகளில் கரைந்து கடப்பது போல இங்கே லேசில் கடக்க முடியாது. நீரில் கரையும் மருந்துக்கோ எந்தக் கொழுப்புச் சவ்வும் சுவர்தான். உலோக அயனிகளைக் கவ்வும் இடிடிஏ என்ற சேர்மத்தைச் சேர்த்து அந்த அயனிகளைப் பிடுங்கிவிட்டால், ஈ.கோலையை எட்டியும் பார்க்காத ஆக்டினோமைசின் உள்ளே போய்விடுகிறது என்று 1960-களிலேயே செய்து காட்டினார்கள். சுவரின் பலம் எங்கே இருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சோதனை வேண்டாம்.

ஆனால் பாக்டீரியா சாப்பிட்டாக வேண்டுமே. சர்க்கரை, அமினோ அமிலம், உப்பு எல்லாம் அந்தச் சுவரைத் தாண்டித்தான் வரவேண்டும். அதற்கு வழிவிடும் புரதத்தைத் தனியே பிரித்தெடுத்துக் காட்டியது 1976-இல், டாய்ஜி நக்காயே. அவரும் ஹிரோஷி நிக்காய்டோவும் அதற்கு முன்பே வெளிச்சவ்வு ஒரு சல்லடை போல நடந்துகொள்வதைப் பார்த்திருந்தார்கள். சுமார் 600 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) வரையுள்ள சர்க்கரைகள் கடந்தன, அதற்கு மேல் நின்றுவிட்டன. அந்த 600 என்ற எண் அன்றிலிருந்து எல்லாப் புத்தகத்திலும் உட்கார்ந்துவிட்டது. ஈ.கோலையைப் பொறுத்தவரை அது சரியான தோராயம். ஏறக்குறைய 1,450 டால்டன் எடையுள்ள வான்கோமைசின் கிராம்-நெகட்டிவ் கிருமிகளிடம் தோற்றுப்போவதற்குக் காரணம் கேட்டால் இந்த எண்ணைக் காட்டலாம். ஆனால் 600-க்குக் கீழே இருந்தால் போதும் என்று அதைத் திருப்பிப் படிப்பதில்தான் கோளாறு ஆரம்பிக்கிறது.

மூன்று மருந்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். பென்சில்பெனிசிலின் 334 டால்டன், லினிசோலிட் 337, ஆம்பிசிலின் 349. எடையில் மூன்றும் அக்கம்பக்கம். சல்லடை மட்டும்தான் விஷயம் என்றால் மூன்றும் ஈ.கோலைக்குள் ஒரே மாதிரி போகவேண்டும், ஏன், மூன்றில் கனமான ஆம்பிசிலின்தான் கொஞ்சம் பின்தங்க வேண்டும். நடப்பது தலைகீழ். சாதாரண ஈ.கோலையை ஆம்பிசிலின் அடக்கும். பென்சில்பெனிசிலினுக்கு அதைப்போல் பல மடங்கு அளவு தேவைப்படும். லினிசோலிட்டை அந்தக் கிருமி கண்டுகொள்வதே இல்லை. ஆம்பிசிலினுக்கும் பென்சில்பெனிசிலினுக்கும் அமைப்பில் வித்தியாசம் ஒரே ஒரு அமினோ தொகுதி. 1961-இல் ஆம்பிசிலின் விற்பனைக்கு வந்தபோது அந்த ஒற்றைத் தொகுதிதான் பெனிசிலினை கிராம்-நெகட்டிவ் பக்கம் கொண்டுபோனது.

ஏன் என்று புரிய ஓட்டைக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். ஈ.கோலையின் முக்கியமான போரின் ஓம்ப்-எஃப். அதன் அணு அளவிலான வடிவம் 1992-இல் எக்ஸ்ரே படிகமுறையில் வெளிவந்தது. பதினாறு புரத இழைகள் சாய்வாக அடுக்கி வளைந்து ஒரு பீப்பாய். அப்படி மூன்று பீப்பாய்கள் ஒட்டிக்கொண்டு ஒரு முக்கூட்டு. மூன்றும் சேர்ந்து நடுவில் ஒரு ஓட்டை என்று பலர் நினைக்கிறார்கள், அது தப்பு. ஒவ்வொரு பீப்பாய்க்கும் தனித்தனி வழி. பீப்பாயின் வாய் அகலம்தான், ஆனால் இழைகளை இணைக்கும் வளையங்களில் மூன்றாவது மட்டும் வெளியே நிற்காமல் உள்ளே மடிந்து பாதி ஆழத்தில் இடுப்பு போலக் குறுக்கிவிடுகிறது. அந்த இடத்தில் வழி சுமார் 0.7-க்கு 1.1 நானோமீட்டர். ஆம்பிசிலினும் ஏறக்குறைய அதே பருமன். ஆகவே அது சுவரை உரசாமல் போகவே முடியாது, நெளிந்து திரும்பித்தான் போக வேண்டும்.

இனிதான் சுவையான பகுதி. அந்த இடுப்பின் ஒரு பக்கம், உள்ளே மடிந்த வளையத்தில், அஸ்பார்ட்டேட் 113, குளுட்டமேட் 117 என்ற எதிர்மின் அமினோ அமிலங்கள். நேர் எதிரே சுவரில் ஆர்ஜினின் 42, 82, 132 என்று நேர்மின் கூட்டம். ஒரு நானோமீட்டர் இடைவெளியில் இந்தப் பக்கம் கழித்தல், அந்தப் பக்கம் கூட்டல். ஆக வழிக்குக் குறுக்காக ஒரு பலமான மின்புலம். ஒரு மூலக்கூறில் நேர்மின் ஒரு முனையிலும் எதிர்மின் மறுமுனையிலும் இருந்தால் அது இந்தப் புலத்தில் சரியான கோணத்தில் திரும்பி நிற்கும், இடுப்பைக் கடப்பது எளிதாகும். ஆம்பிசிலினில் எதிர்மின் கார்பாக்சில் ஏற்கெனவே இருந்தது. புதிதாக வந்த அமினோ தொகுதி நேர்மின். பென்சில்பெனிசிலினில் அந்த இடத்தில் எண்ணெய்த்தன்மையுள்ள பென்சைல் வால் மட்டும். போரினுக்குள் இருப்பது நீர், அதுவும் மின்புலத்தால் ஒழுங்காக நிறுத்திவைக்கப்பட்ட நீர். எண்ணெய்த்தன்மை கூடக்கூட பீட்டா-லாக்டம் மருந்துகள் (பெனிசிலின், செஃபலோஸ்போரின் போன்றவை) கடக்கும் வேகம் குறைகிறது என்று நிக்காய்டோ 1980-களில் கொழுப்புக் குமிழிகளை வைத்து அளந்து காட்டினார். இதுவரை சொன்னதில் எனக்கு ஐயம் இல்லை. வடிவம், அமினோ அமிலங்கள், எண்ணெய்த்தன்மையின் தடை எல்லாம் பல கைகள் பல முறையில் சரிபார்த்தவை.

ஐயம் தொடங்குவது என் மேசையில். அதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். மெல்லிய டெஃப்லான் தகட்டில் தலைமயிர் நுழையும் அளவுக்கு ஒரு துளை. இரண்டு பக்கமும் உப்புக்கரைசல், நீரின் மேல் கொழுப்புப் படலம். நீர்மட்டத்தை இரண்டு பக்கமும் மெதுவாக உயர்த்தினால் துளைக்குக் குறுக்கே இரட்டை அடுக்குச் சவ்வு உருவாகும். பக்கத்து அறையில் யாராவது கதவை அறைந்து சாத்தினால் கிழிந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. நின்றுவிட்டால் போரின் கரைசலைத் துளியூண்டு விட்டுக் காத்திருக்க வேண்டும். திரையில் கோடு தட்டையாக ஓடிக்கொண்டே இருக்கும், சட்டென்று ஒரு படி ஏறும். ஒரு மோலார் பொட்டாசியம் குளோரைடில், 100 மில்லிவோல்ட் கொடுத்தால், அந்தப் படி சுமார் 400 பிகோஆம்பியர். ஒரே ஒரு முக்கூட்டு சவ்வில் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் ஆம்பிசிலினைச் சேர்த்தால் கோட்டில் சின்னச் சின்னக் கீழ்நோக்கிய துடிப்புகள் வரத் தொடங்கும். ஒவ்வொன்றும் ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவு, உயரம் மொத்த மின்னோட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு. மூன்று பீப்பாய்களில் ஒன்றுக்குள் ஒரு மருந்து மூலக்கூறு புகுந்து, இருக்கும் நேரம் மட்டும் அயனிகளின் வழியை மறிக்கிறது. ஒற்றை மூலக்கூறு ஒன்று ஒரு புரதத்துக்குள் வந்துபோவதை இப்படி நேரடியாகப் பார்க்க முடிவது எனக்கு இன்றும் அலுக்கவில்லை.

ஆனால் அந்தத் துடிப்பு எதைச் சொல்கிறது? மூலக்கூறு உள்ளே வந்தது என்பதைச் சொல்கிறது. மறுபக்கம் போனதா, வந்த வழியே திரும்பியதா என்பதைச் சொல்லாது. இரண்டுக்கும் திரையில் ஒரே அடையாளம்தான். ஆம்பிசிலின், அமாக்சிசிலின் போன்ற இருமுனை மின்னூட்டம் கொண்டவை துடிப்பைக் காட்டுகின்றன, பிபரசிலின், கார்பெனிசிலின் போன்ற எதிர்மின் மட்டும் உள்ளவை காட்டுவதில்லை. துடிப்பு இல்லையென்றால் கடக்கவில்லை என்று எழுதிவிடலாமா? கூடாது. சுவரில் ஒட்டாமல் சடாரென்று கடந்துபோகும் மூலக்கூறும் துடிப்பு காட்டாது, ஏனென்றால் எங்கள் கருவியின் கண் அவ்வளவு வேகம் இல்லை. பிபரசிலின் மெதுவாகக் கடந்தாலும் இலக்குப் புரதத்தைப் பலமாகப் பிடிப்பதால் சூடோமோனாஸ் வரை வேலை செய்கிறது. ஆகவே துடிப்புக் கணக்கை வைத்து மட்டும் "இந்த மருந்து இந்தப் போரின் வழியாகக் கடக்கிறது" என்று அடித்துச் சொல்லும் கட்டுரையைப் பார்த்தால் கொஞ்சம் தள்ளி நின்று படியுங்கள். கணினி உருவகமும் கடப்பதற்கு ஒரு பாதையைக் காட்டும், அது உதவிதான், ஆனால் அந்தப் பாதையில் நொடிக்கு எத்தனை என்ற எண்ணை அது நம்பும்படி தருவது இன்னும் சிரமம்.

துடிப்பை நம்பி ஏமாந்த கதை என்னிடமே ஒன்று உண்டு. சிப்ரோஃப்ளாக்சசின் ஹைட்ரோகுளோரைடைச் சேர்த்து மூன்று வாரம் அழகழகான துடிப்புகளாகப் பதிவு செய்து தள்ளினேன். அப்புறம்தான் தோன்றியது, அந்த உப்பு அமிலத்தன்மை கொண்டது, என் கரைசலின் பஃபர் அதைத் தாங்கும் அளவுக்கு இல்லை. அமிலத்தன்மை கூடினால் ஓம்ப்-எஃப் மருந்து எதுவும் இல்லாமலேயே துடிக்கும். மருந்தை விட்டுவிட்டு வெறும் அமிலத்தைச் சேர்த்துப் பார்த்தேன், அதே துடிப்பு. மூன்று வாரமும் குப்பைக்குப் போனது.

சரி, வேகத்துக்கு வருவோம். ஒரு ஈ.கோலையின் கனஅளவு சுமார் ஒரு ஃபெம்டோலிட்டர். வெளியே ஆம்பிசிலின் லிட்டருக்கு 4 மில்லிகிராம் இருக்கிறது என்று வையுங்கள், சாதாரண ஈ.கோலையை நிறுத்தும் அளவு அந்த வட்டாரத்தில்தான். அதே அடர்த்தி உள்ளேயும் வர எத்தனை மூலக்கூறு வேண்டும்? கணக்குப் போட்டால் முழு செல்லுக்கும் சேர்த்து ஏழாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆம்பிசிலின் முழு செல்லுக்குள்ளும் போக வேண்டியதுகூட இல்லை. அதன் இலக்கு இரண்டு சவ்வுக்கும் இடையிலுள்ள பெரிபிளாசத்தில், செல்சுவர் கட்டும் புரதங்களில் இருக்கிறது. அந்த இடைவெளி செல்லில் ஒரு சிறு பங்கு. அதை நிரப்ப ஆயிரம் சொச்சம் போதும். வெளிச்சவ்வில் போரின்கள் எத்தனை? லட்சம் என்ற அளவில். ஆயிரம் பேர் உள்ளே போக லட்சம் வாசல். பெரும்பாலான மூலக்கூறுகள் முயன்று திரும்பிவிட்டு, ஆயிரத்தில் ஒன்று மட்டும் கடந்தாலும், நிரம்ப எவ்வளவு நேரம் ஆகும்? நன்றாகக் கடக்கும் செஃபலோஸ்போரின்களுக்கு உள்ளும் புறமும் பாதி சமமாக ஒரு நொடிகூட ஆவதில்லை என்று அளந்திருக்கிறார்கள்.

இந்த எண்ணைக் கொஞ்சம் மனதில் ஊறவிடுங்கள். பாக்டீரியா போரினைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் ஒரு நொடி பத்து நொடி ஆகும். நூறில் ஒன்றாக்கினால் ஒன்றரை நிமிடம் சொச்சம். வேகமாக வளரும் ஈ.கோலை இரண்டாகப் பிரியவே இருபது நிமிடம் ஆகிறது. ஒன்றரை நிமிடம் தாமதமாக வந்தாலும் மருந்து வந்துவிடுகிறது. வெளியே இருக்கும் அடர்த்தி கடைசியில் உள்ளேயும் வந்தே தீரும். ஆகவே வெளிச்சவ்வு மட்டும் தனியாக ஒரு மருந்தைத் தடுத்துவிடும் என்பது, ஓட்டையே இல்லாத அளவுக்கு இறுக்கமான சுவருக்குத்தான் பொருந்தும். நான் இந்தத் துறைக்கு வந்து ரொம்ப நாள் கழித்துத்தான் இது என் மண்டையில் ஏறியது.

தடுப்பு வேலை செய்வது கூட்டாளி இருக்கும்போது. இரண்டு கூட்டாளிகள். ஒன்று பீட்டா-லாக்டமேஸ் என்சைம். பெரிபிளாசத்திலேயே காத்திருந்து வரும் மருந்தை வெட்டும். டெம்-1 என்ற பழைய, சாதாரண வகைகூட, மருந்து தாராளமாகக் கிடைத்தால் ஒரு மூலக்கூறு நொடிக்கு ஆயிரம் ஆம்பிசிலின் என்ற அளவில் வெட்டித்தள்ளும். இன்னொன்று ஏசிஆர்-ஏபி-டோல்சி போன்ற பம்பு. வந்ததைப் பிடித்து வெளிச்சவ்வுக்கு அப்பால் தள்ளும். இப்போது கதை மாறுகிறது. அடியில் ஓட்டை உள்ள வாளியில் குழாய்த் தண்ணீர் பிடிப்பது போல. குழாய் வேகமாக வந்தால் வாளியில் மட்டம் ஏறும். குழாயைச் சிறுகத் திருகினால், அடி ஓட்டை அதே அளவாக இருந்தும் மட்டம் ஏறவே ஏறாது. போரின் குழாய், என்சைமும் பம்பும் அடி ஓட்டை. மருந்தின் கதியைத் தீர்மானிப்பது இரண்டின் விகிதம். 1977-இல் சிம்மர்மானும் ரோசலேயும் இதையே அளவீடாக மாற்றினார்கள்: முழு பாக்டீரியா மருந்தை எவ்வளவு வேகத்தில் வெட்டுகிறது, உடைத்த பாக்டீரியாவின் என்சைம் எவ்வளவு வேகத்தில் வெட்டுகிறது என்று ஒப்பிட்டால் சுவரின் தடை தெரிந்துவிடும். எளிமையான யோசனை, இன்றும் பயன்படுகிறது. லினிசோலிட்டின் புதிரும் இங்கேதான் அவிழ்கிறது. பம்பின் வெளிக்குழாயான டோல்சி-யை நீக்கிய ஈ.கோலையை லினிசோலிட் அடக்குகிறது. அதாவது அது உள்ளே போகாமல் இல்லை. போகப்போக வெளியே இறைக்கப்படுகிறது.

அடுத்து, அடைத்துக்கொள்வது பற்றி. மின்னழுத்தத்தை 150 மில்லிவோல்ட், அதற்கும் மேல் என்று ஏற்றினால் என் திரையில் ஓம்ப்-எஃப் மூன்று படிகளாக மூடிக்கொள்ளும், ஒவ்வொரு பீப்பாயாக. பார்க்க ஜோராக இருக்கும். இதைப் பார்த்துத்தான் "போரின் மூடித் திறக்கும் கதவு" என்ற பேச்சு பரவியது. ஆனால் உயிருள்ள ஈ.கோலையின் வெளிச்சவ்வில் இயற்கையாக உண்டாகும் மின்னழுத்தத்தால் போரின்கள் மூடுவதில்லை என்று நிக்காய்டோ குழு 1988-இல் காட்டியது. அதனால் பாக்டீரியா ஆபத்தைக் கண்டதும் ஜன்னலைச் சாத்துவது போல ஓட்டைகளைச் சாத்தும் என்ற படத்தை அழித்துவிடலாம். அது செய்வது வேறு: எந்தப் போரினை எவ்வளவு தயாரிப்பது என்பதை மாற்றுகிறது. ஓம்ப்-எஃப்-க்கு ஓம்ப்-சி என்று கொஞ்சம் நெருக்கமான உடன்பிறப்பு உண்டு. உப்பும் வெப்பமும் கூடிய சூழலில், குடல் அப்படிப்பட்ட இடம், ஓம்ப்-சி கூடி ஓம்ப்-எஃப் குறையும். உணவு குறைந்த குளிர்ந்த நீரில் நேர்மாறு. குடலில் பித்த உப்பு இருக்கிறது, அதைத் தவிர்க்க வழி நெருக்கமாக இருப்பது நல்லது. வெளியே கிடைக்கும் கொஞ்சநஞ்சத்தை வாரிக்கொள்ள அகலம் நல்லது. நிக்காய்டோ தந்த இந்த விளக்கம் எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. ஆனால் பரிணாமக் காரணம் சொல்லும் விளக்கம் என்பதால் அதை அளவீட்டோடு ஒரே தட்டில் வைக்க மாட்டேன்.

ஓம்ப்-எஃப்-ஐக் குறைக்க மிக்-எஃப் என்ற சிறிய ஆர்என்ஏ ஒன்றும் உண்டு. ஓம்ப்-எஃப் செய்முறை எழுதிய ஆர்என்ஏ மேல் போய் ஒட்டி, புரதம் தயாராகாமல் தடுக்கும். சாலிசிலேட், ஆஸ்பிரினின் நெருங்கிய உறவு, ஆய்வகத்தில் இந்த வழியைக் கிளறிவிட்டு ஓம்ப்-எஃப்-ஐக் குறைக்கிறது. அதற்காக ஆஸ்பிரின் சாப்பிடுபவருக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது என்று யாரும் பரப்ப வேண்டாம். சோதனைக்குழாய்க் கண்டுபிடிப்பு அங்கிருந்து அவ்வளவு தூரம் தாவாது.

ஓட்டையை நிரந்தரமாக இழக்கும் கிருமிகளும் உண்டு, மருத்துவமனைகளில் தலைவலியாக இருப்பவை அவைதான். கிளெப்சியெல்லாவில் ஓம்ப்-கே35, ஓம்ப்-கே36 என்று இரண்டு முக்கியப் போரின்கள். சில வகைகளில் 35 உடைந்தே போயிருக்கும், 36-இல் இடுப்பை உருவாக்கும் அதே மூன்றாவது வளையத்தில் கிளைசின், அஸ்பார்ட்டேட் என்று இரண்டு அமினோ அமிலம் கூடுதலாகச் செருகியிருக்கும். அந்த இரண்டே இரண்டு கூடுதலால் வழியின் விட்டம் சுமார் கால்பங்கு குறைகிறது. சர்க்கரை போன்ற சின்னவை போகும், கார்பபெனம் (எர்ட்டாபெனம், மெரோபெனம், இமிபெனம் அடங்கிய ஆன்டிபயாட்டிக் குடும்பம்) தடுமாறும். புரதத்தைத் தூக்கியெறிந்தால் பட்டினி, அப்படியே வைத்திருந்தால் மருந்து. இடையில் இப்படி ஒரு சமரசம். ஆய்வுக்கூடத்தில் இதை எப்படி மோப்பம் பிடிப்பார்கள் தெரியுமா? கிருமி பரப்பிய தட்டில் எர்ட்டாபெனம் வில்லையைச் சுற்றிய தெளிந்த வளையம் சுருங்கியிருக்கும், பக்கத்திலேயே மெரோபெனத்தைச் சுற்றி வளையம் ஓரளவு அகலமாக இருக்கும், கார்பபெனமை வெட்டும் என்சைமுக்கான மரபணுச் சோதனையோ எதுவும் இல்லை என்று வரும். அப்போது முதலில் வரும் சந்தேகம் போரின் இழப்பு, கூடவே ஈஎஸ்பிஎல் அல்லது ஆம்ப்-சி வகை பீட்டா-லாக்டமேஸ் என்சைம். எர்ட்டாபெனம் 475 டால்டன், கூடுதலாக ஒரு எதிர்மின்னூட்டமும் சுமக்கிறது. வழி குறுகினால் முதலில் திணறுவது அது. 299 டால்டன் இமிபெனம், 383 டால்டன் மெரோபெனம் அதைவிட நன்றாகச் சமாளிக்கும். கவனியுங்கள், ஈஎஸ்பிஎல், ஆம்ப்-சி இரண்டுமே கார்பபெனமை வெட்டுவதில் படு சோம்பேறிகள். குழாய் சிறுத்ததால்தான் அந்தச் சோம்பேறித்தனமே போதுமானதாகிவிடுகிறது. போரின் இழந்த கிருமிக்கு என்சைம் எதுவும் இல்லாவிட்டால் ஆபத்து பெரும்பாலும் அந்த அளவுக்குப் போகாது.

ஈ.கோலைக்குச் சொன்னதை எல்லாக் கிருமிக்கும் நீட்டக்கூடாது. சூடோமோனாஸிடம் ஓம்ப்-எஃப் போன்ற பொதுவழி கிடையாது. அதன் பெரிய போரின் ஓபிஆர்-எஃப்-இல் பெரும்பாலான பிரதிகள் மூடிய மடிப்பிலேயே இருக்கின்றன, சிறு பங்குதான் திறந்த வடிவம். வெளிச்சவ்வின் ஊடுருவல் ஈ.கோலையுடன் ஒப்பிட்டால் பத்தில் ஒன்றிலிருந்து நூறில் ஒன்று. ஓபிஆர்-டி என்று இன்னொன்று, நேர்மின் அமினோ அமிலங்களுக்கானது. இமிபெனம் அதன் வழியாக நுழைகிறது, அதை இழந்த சூடோமோனாஸ் இமிபெனத்துக்கு மசிவதில்லை. இது 1990-லிருந்தே உறுதி. மற்ற மருந்துகளும் இப்படி ஏதாவது போரின் வழியாகத்தான் போகின்றன என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தோம், நானும்தான். 2021-இல் ஒரு குழு சூடோமோனாஸின் 40 போரின்களையும் ஒன்றொன்றாக நீக்கி ஒரு மொட்டைக் கிருமியை உருவாக்கியது. கார்பபெனங்களைத் தவிர்த்துப் பெரும்பாலான ஆன்டிபயாட்டிக்குகளுக்கு அது முன்போலவே மசிந்தது. ஆக அவை போரின் இல்லாமலே, அநேகமாகக் கொழுப்பு அடுக்கின் வழியாகவே மெதுவாக ஊர்ந்து போகின்றன. அந்த ஊர்தல் எப்படி நடக்கிறது என்பது இன்னும் திறந்த விவாதம்.

போரினை நம்பாத மருந்துகள் மற்ற கிருமிகளிடமும் உண்டு. கொலிஸ்டின் அந்த மக்னீசியம், கால்சியம் கட்டையே பிய்த்துக்கொண்டு சுவரை இடித்து நுழைகிறது. அமினோகிளைகோசைடுகளும் ஓரளவு அந்தப் பாணி என்பார்கள், போரின் பங்கு எவ்வளவு என்பதில் ஒத்த கருத்து இல்லை. ஃப்ளூரோகுயினலோன்கள் இரண்டு வழியிலும் போகும். கேட்டவரின் "போரின் போனால் எந்த மருந்துமே பலிக்காதா" என்ற கவலைக்கு இதுவே பாதி பதில்.

மீதிப் பாதி மருந்து வடிவமைப்பவர்கள் கையில். எதை மாற்றினால் உள்ளே போகும் என்று இலினாய் பல்கலைக்கழகத்தில் ஹெர்கன்ரோதர் குழு 180-க்கும் மேற்பட்ட சேர்மங்களை ஈ.கோலைக்குள் சேரும் அளவைப் பார்த்து 2017-இல் சில விதிகளை வெளியிட்டது: மறைவில்லாத ஒரு அமினோ தொகுதி, உருண்டையாக இல்லாமல் தட்டையான வடிவம், அதிகம் ஆடாத இறுக்கமான கட்டமைப்பு. கிராம்-பாசிட்டிவ் கிருமிகளை மட்டும் தாக்கிய டீஆக்சிநைபோமைசினில் ஒரு அமினோ தொகுதியைச் சேர்த்து அதை ஈ.கோலைக்கு எதிராகவும் வேலை செய்ய வைத்தார்கள். ஆம்பிசிலின் தற்செயலாகக் காட்டியதை இவர்கள் விதியாக எழுதினார்கள் என்று சொல்லலாம். ஆனால் இது ஈ.கோலை விதி. சூடோமோனாஸுக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போனால் பலிப்பதில்லை.

இன்னொரு தந்திரம் போரினையே விட்டுவிட்டு வேறு வாசலைத் தட்டுவது. பாக்டீரியா இரும்புக்கு ஏங்கும். இரும்பைக் கவ்விக்கொண்டு வரும் சிடெரோஃபோர் மூலக்கூறுகளை ஆற்றல் செலவழித்து உள்ளே இழுக்கும் வாங்கிகள் அதனிடம் இருக்கின்றன. 2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற செஃபிடெரோகால் இரும்பைக் கவ்வும் ஒரு கையை முதுகில் சுமந்துகொண்டு போகிறது. எடை சுமார் 750 டால்டன், பழைய 600 கணக்கில் வெளியே நிற்க வேண்டியது. பாக்டீரியாவே அதைக் கூப்பிட்டு உள்ளே இழுத்துக்கொள்கிறது. கேட்டவர் அடுத்து என்ன கேட்பார் என்று தெரிகிறது: அந்த வாங்கியையும் தொலைத்துவிட்டால்? தொலைத்த கிருமிகளும் உண்டு. சிர்-ஏ என்ற வாங்கி உடைந்துபோன கிருமிகள் நோயாளிகளிடமிருந்து கிடைத்திருக்கின்றன. அதில் மருந்து முழுசாகக் கைவிடுவது எப்போது என்று பார்த்தால், பழைய வாளிக் கணக்குதான்: பெரும்பாலும் அந்தக் கிருமியிடம் என்டிஎம் போன்ற, மருந்தை வெட்டும் ஒரு என்சைமும் கூடவே இருக்கிறது.